மாறனின் பெயரில் நீ உள்ளே போகுமுன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் பாமன்கடை வீட்டுப் பல்கனியில் நின்றுகொண்டிருந்தபோது, மருமகள் தேநீர் ஊற்ற உள்ளே போன அந்தச் சின்ன இடைவெளியில், நீ என்னிடம் ஒன்று கேட்டாய். “அப்பா, நான் திரும்பவும் அந்தக் கேமுக்குள்ள போகட்டோ?” வங்கியில் வேலை பார்க்கிறவன், இன்னும் கொஞ்ச நாளில் தகப்பனாகப் போகிறவன், கேட்கிற கேள்வியா இது என்று வேறு எந்தத் தகப்பனும் சிரித்திருப்பான். நான் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று நீ பிறகு மருமகளிடம் சொன்னாயாம். சரிதான். எனக்குப் பதில் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் மிகக் குறைவு. இதற்கும் பதில் தெரியும். வாயால் சொல்லத்தான் முடியவில்லை.

நேரில் சொன்னால் நீ இடையில் புகுந்து, “அப்பா, அளவாச் சொல்லுங்கோ” என்பாய். ஃபோனில் சொன்னால் பக்கத்தில் இருந்து உன் அம்மா கேட்பாள். அதனால் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் பார்க்கும்படியாக. எங்கள் லேனிலேயே எத்தனை பிள்ளைகள் வேறு பெயரில், வேறு உடம்பில், வேறு ஒரு நாட்டில் இருந்துவிட்டு, ஒருநாள் அந்த உடம்பை நடுவழியில் அப்படியே விட்டுவிட்டு எழும்பி வந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படிக்கட்டும். உன் அம்மா படிக்கமாட்டாள். நான் சொல்வதில் முக்கால்வாசி புளுகு என்பது கலியாணம் முடித்த நாள்தொட்டு அவளுடைய தீர்ப்பு. நீ மட்டும் ஒன்றை மனதில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தில் நான் பெரிதாகக் கதைக்கிற இடங்களில் நீ தாராளமாகச் சிரிக்கலாம். எங்கே சுருக்கமாகச் சொல்கிறேனோ, அங்கே நின்று படி.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். அதில் நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த காலத்தில், ஐந்து தொலைபேசிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஐந்து கண்டங்களையும் ஆண்டவன் நான். “நாலாம் நம்பர், கனடா வந்திட்டுது, ஓடி வாங்கோ!” என்று நான் ஒரு சத்தம் வைத்தால், லேன் முடிவில் ரயில் பாதையில் நிற்கிறவனுக்கும் கேட்கும். இன்றைக்கு ரொறன்ரோவில் குடித்தனம் நடத்துகிறவர்களில் பாதிப் பேரின் கலியாணம் என் நாலாம் நம்பர்ப் பெட்டிக்குள்தான் பேசி முடிந்தது. உடம்பு வராது. குரல் மட்டும் கடல் தாண்டி வரும். அந்தக் குரலுக்குச் சனம் அழுதது, சிரித்தது, சண்டை பிடித்தது. ஒரு மனுசி ரிசீவரைத் தடவிக் கொஞ்சினதை நான் கண்ணால் கண்டேன். உடம்பில்லாமலும் ஒரு ஆள் வந்து போகலாம் என்பதை நான் படித்தது அங்கேதான். யுனிவேர்சிட்டியில் நீ படித்த எதிலும் அந்தப் பாடம் இருந்திருக்காது.

பிறகு எல்லார் கையிலும் ஃபோன் வந்தது. நான் பெட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டு கொம்பியூட்டர் போட்டேன். லேனில் முதல் ஆள் நான்தான். கொழும்பிலேயே முதல் ஆள் என்றும் சொல்லலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். நீ ஏ.எல். எழுதிவிட்டு யுனிவேர்சிட்டிக்குக் காத்திருந்த காலம் அது. வெளியே நீ வாயில்லாப் பிள்ளை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் “பஹினவா” என்று சிங்களத்தில் கொண்டக்டருக்குச் சத்தமாகச் சொல்லத் துணிவில்லாமல், அடுத்த ஹோல்டில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கி, வெயிலில் நடந்து வருவாய். வீட்டில் கதைக்கக்கூடிய கதை முழுவதையும் நானே கதைத்து முடித்துவிடுவதால் பிள்ளைக்கு மிச்சம் எதுவும் இல்லை என்று உன் அம்மா சொல்வாள். பொறாமைப் பேச்சு.

அந்தக் கேம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் போய் நிற்கிற ஒரு நாடு அது. காடு உண்டு, சந்தை உண்டு, பனிமலை உண்டு, கடற்கரை உண்டு. உள்ளே போகிறவன் தனக்கென்று ஓர் உடம்பையும் ஒரு பெயரையும் செய்துகொண்டு போகவேண்டும். நீ செய்துகொண்டவன் மாறன். ஆறடி உயரம், தோளில் பெரிய கோடரி. கொட்டாஞ்சேனை அன்ரனும், ரொறன்ரோவில் ஒரு பெண்பிள்ளையும், இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு கூட்டம். அதற்குத் தலைவன் நீ. ஹெட்செட்டைக் காதில் போட்டதும் உன் முதுகு நிமிர்வதை நான் மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன். “பயப்படாதேங்கோ, நான் முன்னுக்குப் போறன், பின்னால வாங்கோ!” என்று நீ கத்துவாய். அது என் குரல். அச்சொட்டாக என் குரல். அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது: உயிர் ஒன்றுதான். செத்தவன் செத்தவன்தான். உடம்பு விழுந்த இடத்தில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு மறைந்துபோகும்.

மாறன் செத்த அன்று நீ வீட்டில் இருந்தாய். பனிமலைப் பாலத்தில் உன் கூட்டம் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் தப்பட்டும் என்று நீ தனியே நின்றாய். உன் அழுகைச் சத்தத்துக்கு அடுப்படியில் இருந்து உன் அம்மா ஓடிவந்தாள்.

“என்ன மகன்? என்ன நடந்தது?”

“மாறன் செத்திட்டான் அம்மா.”

“ஐயோ, ஆர் மாறன்?”

“எங்கட ஆள். எல்லாரையும் தப்ப விட்டிட்டு, தான் மட்டும் நிண்டவன்.”

“தாய் தேப்பனுக்கு அறிவிச்சாச்சோ?”

“அவனுக்கு ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்.”

நீ ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பெரிய வில்லங்கம். சற்று நேரத்தில் அன்ரன் ஃபோன் அடித்தான். “ஆன்ட்டி, மாறன் போனதுக்குப் பிறகு எங்களுக்கு ஒண்டும் ஓடேல்லை” என்றான். ரொறன்ரோப் பெண்பிள்ளையும் ஃபோன் எடுத்து விம்மி விம்மி அழுதது. உன் அம்மாவுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? நான் கடை பூட்டி வரும்போது மேல்மாடி ரீச்சர் வீட்டில் இருந்து சோறு வந்திருந்தது. லேன் முழுவதும் செய்தி பரவியிருந்தது. என்னை நிறுத்தி விசாரித்தவர்களுக்கு நானும் வஞ்சகம் செய்யவில்லை. மாறனை எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். தங்கமான பிள்ளை, கடைக்கு வந்தால் என்னைக் கண்டதும் இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காரும், இந்தக் காலத்தில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கேலாது என்றேன். கேட்டவர்களின் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன். “ஆராவது அவனுக்காக அழுகினம் எண்டு ஆறுதலாக் கிடந்தது அப்பா” என்றாய்.

ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு எட்டுச் செலவை நாங்கள்தான் செய்யவேண்டும் என்று உன் அம்மா முடிவெடுத்தாள். எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்கு: ஆள் செத்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்தி, அவர் வந்து சாப்பிட நேரம் விடவேண்டும். பிறகு அந்தப் படையலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தியில் வைத்து, இனி உன் வழியைப் பார் என்று அனுப்பிவிட வேண்டும். வீட்டில் சோறும் முக்கியம், சந்தியில் வழியும் முக்கியம். இரண்டும் சேர்ந்தால்தான் எட்டுச் செலவு.

“அந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பாடு விருப்பம்?” என்று உன் அம்மா கேட்டாள்.

நீ எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாய். “காட்டுப்பண்டி இறைச்சி. தேன். சிவப்பு அப்பிள்.”

அந்த நாட்டில் அடிபட்டவன் உடம்பு தேறத் தின்கிற சாமான்கள் அவை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கொழும்பில் காட்டுப்பன்றி இறைச்சிக்கு எங்கே போவது என்று இன்னொருவன் தலையில் கைவைத்திருப்பான். நான் நேரே ஒருகொடவத்தைக்குப் போனேன். கொள்கலன் யார்டில் லொறி ஓடுகிற சிங்கள அய்யே ஒருவர் எனக்குப் பழக்கம். “அய்யே, வல் ஊரு மஸ் டிகக் ஓனே” என்றேன். காட்டுப்பன்றி இறைச்சி கொஞ்சம் வேண்டும் என்றால் யார்தான் ஆச்சரியப்பட மாட்டார்கள். “மொகடத?” என்றார். எதற்கு என்பதற்கு நான் வேறு என்ன சொல்வேன். “தானெகட” என்றேன். பன்றி இறைச்சியில் தானமா என்று அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் அடுத்த பயணத்தில் கொண்டுவந்து தந்தார். இதே கதையை லேனில் சொன்னபோது காடும் இருந்தது, தோளில் துவக்கும் இருந்தது, பன்றி என்னை நோக்கி ஓடியும் வந்தது. கதை என்றால் அப்படித்தான் சொல்லவேண்டும்.

எட்டாம் நாள் பொழுதுபடுகிற நேரம் அன்ரன் வெள்ளைச் சேர்ட்டும் கையில் மெழுகுதிரியுமாக வந்தான். செத்தது கேமில் என்று தெரிந்தும் வந்தவன் அவன். “உன்ர கூட்டாளியைக் காப்பாத்தேலாமப் போச்சே அப்பன்” என்று உன் அம்மா கட்டிப்பிடித்து அழுததும், அவன் வாய் அடைத்துப்போய் அவனும் சேர்ந்து அழுதான். உன் அறையில்தான் படைத்தோம். கொம்பியூட்டர் வயரைக் கழற்றி, அதைச் சுவர்ப்பக்கம் தள்ளி, தலைவாழை இலை போட்டு, இறைச்சிக் கறி, கிண்ணத்தில் தேன், அப்பிள் எல்லாம் வைத்தோம். கதவைச் சாத்திவிட்டு நாலு பேரும் ஹோலில் நின்றோம். கடைசி ரயில் பெட்டியும் கடந்துபோய் வீடு நிசப்தமாகியிருந்தது. அப்போதுதான் அன்ரனின் ஃபோன் அடித்தது. ரொறன்ரோவில் இருந்து.

“என்னடி சொல்றாய்?” என்றான் அன்ரன். “எழும்பிட்டானோ?”

“ஆர் எழும்பினது?” என்றாள் உன் அம்மா.

அவன் உன்னைப் பார்த்தான். நீ தலையைக் குனிந்தாய். “மாறன், ஆன்ட்டி” என்றான்.

முழுக்கதையும் அங்கேயே, அந்தச் சாத்தின கதவுக்கு முன்னால் வெளியே வந்தது. கேம், பனிமலை, பாலம், ஒரே உயிர், எல்லாம். உன் அம்மா அந்தக் கதவையே பார்த்தபடி கேட்டாள். நான்தான் துள்ளினேன். “ஒரு கேமுக்கோடா நான் ஒருகொடவத்தைக்கு ஓடினனான்?” என்றேன். ஆனால் ஃபோனில் அந்தப் பெண்பிள்ளை தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு நாளாகப் பனிக்குள் கிடந்த உடம்பு சற்று முன் எழும்பியிருக்கிறது. உயிரைக் காட்டுகிற கோடு நிரம்பியிருக்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. மேற்கே பார்த்து நடந்து போகிறது.

நீ சொன்னது ஒன்றுதான், தம்பி. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. “நான் இஞ்ச நிக்கிறன். அப்ப அவனை ஆர் நடத்திறது?”

கதவைத் திறந்தவன் நான். உள்ளே கண்டதாக நான் லேனில் சொன்னதை எல்லாம் நீ கேட்டிருக்கிறாய்: அப்பிளில் பல் பதிந்திருந்தது, தேன் பாதி குறைந்திருந்தது, இலையில் விரல் தடம் இருந்தது. அது என் கைவேலை. நடந்ததை இப்போதுதான் சொல்கிறேன். எல்லாம் வைத்தபடியே இருந்தன. அப்பிளை எடுத்தேன். அது குளிர்ந்திருந்தது. விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

நான் ஒருவரிடமும் சொல்லாமல் அதை இலையில் வைத்து, இலையை மடித்துத் தூக்கினேன். உன் அம்மா வாசலை மறித்து நின்றாள்.

“எங்க கொண்டு போறியள்?”

“வேற எங்க? சந்திக்கு.”

“எழும்பி நடக்கிற பிள்ளைக்கு எதுக்குச் சந்தி? இதென்ன செத்த வீடோ?”

“அப்ப இது என்ன வீடு?”

“பசியோட கிடந்த பிள்ளைக்குச் சோறு போட்ட வீடு. வையுங்கோ கீழ.”

கீழே வைத்தேன். சந்திக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் படையலை நாங்கள் நாலு பேரும் இருந்து சாப்பிட்டோம். அன்ரன்தான் ஆகக் கூடச் சாப்பிட்டான், அழுதழுது சாப்பிட்டான். சாப்பிட்டு முடிந்த பிறகு நீ வயரைக் கொழுவி, அந்த நாட்டுக்குள் போகப் பார்த்தாய். இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று திரை சொன்னது. நீ வயரைத் திரும்பக் கழற்றினாய். அதற்குப் பிறகு போகவே இல்லை. யுனிவேர்சிட்டி, வேலை, கலியாணம் என்று உன் பாட்டில் போனாய். அவன் தன் பாட்டில் அங்கே இருந்தான். கூட்டத்தில் யாராவது எப்போதாவது அவனைக் கண்டுவிட்டு அன்ரனுக்குச் சொல்வார்கள், அன்ரன் எனக்குச் சொல்வான். ஒருவரோடும் கதைப்பதில்லை. சண்டைக்குப் போவதில்லை. மேற்குக் கடற்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறான்.

யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்பது அன்ரனின் விளக்கம். மனிதர் இல்லாமலே நடத்துகிற புரோகிராம் ஏதோ இருக்கிறது என்பது மருமகளின் விளக்கம். படித்த பிள்ளைகள், எனக்கு இரண்டும் மெத்தச் சந்தோசம். ஆனால் திருடினவன் இத்தனை வருடமும் அந்தக் கோடரியைக்கூட விற்காமல் கடல் பார்த்துக்கொண்டா நிற்பான்?

இப்போது அந்தக் கேம்காரர்கள் பழைய ஆட்களை எல்லாம் திரும்ப அழைக்கிறார்கள் என்றும், புதுப் பாஸ்வேர்ட் தருகிறார்கள் என்றும், அதோடு உள்ளே போனால் அந்தப் பெயரில் நிற்கிற வேறு யாராயிருந்தாலும் வெளியே தள்ளப்பட்டுவிடுவார் என்றும் நீ சொன்னாய். ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். நீ கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. “அதுக்குள்ள நான் ஒரு ஆளா நிண்டனான் அப்பா. இஞ்ச மீட்டிங்கில வாய் திறக்க ஏலாமக் கிடக்கு. பிள்ளை பிறக்கப்போகுது. அதுக்கு முன்னம் அவனை ஒருக்கா எடுத்துக்கொண்டு வரோணும் போல கிடக்கு.”

எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று சொன்னாய். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அன்ரனை லப்டொப்போடு வீட்டுக்கு வரச்சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் வந்தான். ஆள் இப்போது தலை நரைத்து, தொப்பை போட்டு, கொட்டாஞ்சேனையில் பெரிய மனுசன். ஹோலில் மேசையில் வைத்துத் திறந்தான். அவனுடைய ஆள் மணலில் நடந்து போக, தூரத்தில் ஒருவன் முதுகைக் காட்டியபடி நின்றான். கிட்டப் போனதும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தேன். அவன் திரும்பினான். கோடரியைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.

“இது என்னடா?” என்றேன்.

“தெரியாது அங்கிள். இப்பிடி ஒரு அசைவு இந்தக் கேமில இல்லை” என்றான் அன்ரன்.

தேநீரோடு வந்த உன் அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. “மெலிஞ்சு போனான்” என்றாள். பிறகு அன்ரனிடம், “சாப்பிட்டாச்சோ எண்டு கேள்” என்றாள். அவன் என்னைப் பார்த்தான். இத்தனை வருடமும் ஒருவருக்கும் பதில் சொல்லாதவன் இனியா சொல்லப் போகிறான் என்று நினைத்து, அன்ரன் தன் ஆளின் பெயரில் அடித்தான்: சாப்பிட்டாச்சா மச்சான்?

பதில் வந்தது.

இன்னும் இல்லை அம்மா.

அன்ரன் லப்டொப்பை மூடினான். தேநீரைத் தொடவில்லை. லிஃப்ட்டுக்கும் காத்திராமல் படியால் இறங்கிப் போனான்.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: அந்தப் பெயரில் போகாதே. ஆசையாக இருந்தால் வேறு பெயரில் போ. சின்ன உடம்பாகச் செய்துகொண்டு, கோடரி இல்லாமல், சந்தைப் பக்கமாகத் திரி. கடற்கரையில் அவனைக் கண்டால் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. பெயர் சொல்லிக் கூப்பிடாதே. பசிக்கிறதா என்று கேட்காதே.

அங்கே விட்டுவிட்டு வந்ததாக நீ நினைக்கிற துணிவு அங்கே இல்லை. போன மாதம் நீயும் நானும் மருமகளைக் களுபோவில கிளினிக்குக்கு பஸ்ஸில் கூட்டிப்போனோம். உன் மனுசி இறங்குமுன் பஸ் நகரப் பார்த்தபோது, இறங்குகிறோம், கொஞ்சம் நில்லுங்கோ என்று “பஹினவா! பொட்டக் இன்ன!” என நீ வைத்த சத்தத்தில் ட்ரைவர் பிரேக்கில் ஏறி நின்றான், முன் சீட்டில் இருந்த பொலிஸ்காரன் எழும்பியே நின்றுவிட்டான். சரி, பொலிஸ்காரன் இல்லை. ஆனால் சத்தம் உண்டு. அது பனிமலையில் இருந்து வந்த சத்தம் இல்லை. இங்கேயே, இந்த உடம்பிலேயே கிடந்த சத்தம். மீட்டிங்கிலும் ஒருநாள் வரும். வராவிட்டால் நான் வந்து உன் மனேஜரோடு கதைக்கிறேன்.

அது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெயரில் இரண்டு பேர் இருக்க ஏலாது. நீ உள்ளே போனால் அவன் வெளியே வரவேண்டும். வெளியே வருகிறவன் எங்கே போவான்? நாங்கள் அவனைச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வழி சொல்லி விடவில்லை. அவனுக்குத் தெரிந்தது தான் சோறு தின்ற ஒரு வீடு மட்டும்தான்.

உன் அம்மாவுக்கு இது விளங்கியிருக்கிறது. எனக்கு முன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புதன்கிழமை தொடக்கம் அவள் ஒரு கோப்பை அரிசி கூடப் போடுகிறாள். உன் பழைய அறையைக் கூட்டி, கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருக்கிறாள். நேற்றுக் கட்டிலைக் கையால் சாண் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆறடிப் பிள்ளைக்கு இது காணாது” என்று சொன்னாள், எனக்கும் இல்லை, தனக்கும் இல்லை, சுவருக்குச் சொல்வது போல. உன் பிள்ளை பிறந்து முதன்முதலாக இந்த வீட்டுக்கு வரும்போது, அந்த அறையில் யார் இருப்பார்கள் என்று நான் கேட்டேன். “பெரியப்பா இருப்பார்” என்றாள். நீ மூத்தவன் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். என்னைக் கண்டதும் கை கூப்பி நிற்கிற ஒரு பிள்ளை, நான் சொல்கிற கதையை இடையில் மறிக்காமல் கேட்கக்கூடிய ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், எனக்கும் மனம் இளகாது என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் நான் இன்று, மனம் திடமாக இருக்கும்போதே, வேண்டாம் என்று எழுதுகிறேன். உன் அம்மா வரட்டும் என்கிறாள். முடிவு உன்னுடையது, நீ வளர்ந்தவன்.

போவதென்றே தீர்மானித்தாயானால், பெயரை அடி, பாஸ்வேர்டை அடி. கடைசியாக அழுத்துமுன் கையை எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கோல் அடி. கதவைப் பூட்டுவதா, திறந்து வைப்பதா என்று நானும் அவளும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

அப்பா